சம்பளக்காரர்களுக்கு வரி ரீஃபண்ட் எத்தனை நாளில் வரும்? சாட்ஸ்வொர்த்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த் என்பது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழர் பலர் வாழும் பகுதி. டர்பன் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் சம்பளப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் தொடங்கி தீபாவளி வரைக்கும், ஞாயிற்றுக்கிழமைப் பூஜை முடிந்ததும் யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டி, “அண்ணா, இந்தப் பணம் எப்போது வரும்?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒரே சந்தேகங்களுக்குத் திரும்பத் திரும்ப விடை சொன்னதால், அவற்றை எழுதி வைத்தேன். இங்குள்ள தொகைகளும் தேதிகளும், வேறு ஆண்டு குறிப்பிடப்படாத இடங்களில், 2025 பிப்ரவரி 28 அன்று முடிந்த வரியாண்டுக்கு உரியவை.

வரிக் கணக்கைக் கொடுத்துவிட்டேன். பணம் எத்தனை நாளில் வரும்?

சார்ஸ் எனப்படும் தென்னாப்பிரிக்க வருவாய்ச் சேவை உங்கள் கணக்கில் மேற்கொண்டு எதையும் கேட்காமல் மதிப்பீட்டை, அதாவது உங்கள் வரி எவ்வளவு என்ற தன் முடிவை, வெளியிட்டுவிட்டால், வங்கி விவரங்கள் சரியாக இருந்து, பழைய பாக்கியும் இல்லாத பட்சத்தில், 72 மணி நேரத்துக்குள் பணம் வரும் என்று சார்ஸ் அறிவித்திருக்கிறது. ஆனாலும் ஏழு வேலை நாட்கள் கழிவதற்கு முன் கவலைப்பட வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

சரிபார்ப்புக்கு எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கே மாறிவிடும். அப்போது, கேட்ட ஆவணங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 21 வேலை நாட்கள் ஆகலாம். தணிக்கை என்று போனால் மாதக் கணக்கில் நீளும். ஆகவே “எத்தனை நாள்?” என்று கேட்பதற்கு முன், “எந்த நாளிலிருந்து எண்ணுவது?” என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் தவறான தேதியிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பவர்கள்.

சம்பளத்தில் சட்டப்படி பிடித்த வரியை ஏன் திருப்பித் தருகிறார்கள்? கணக்கில் யார் தவறு செய்தது?

பெரும்பாலும் யாரும் தவறு செய்திருக்க மாட்டார்கள். முதலாளி ஒவ்வொரு மாதமும் வரி பிடிக்கும்போது, இதே சம்பளத்தை நீங்கள் 12 மாதமும் வாங்குவீர்கள் என்று வைத்துக்கொண்டே கணக்கிடுகிறார். இடையில் வேலை போனாலோ, ஆண்டின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தாலோ, அந்த ஊகம் பொய்த்துவிடுகிறது.

மாதம் 18,000 ராண்ட் சம்பளத்தில் ஆறு மாதம் மட்டும் வேலை பார்த்த, 65 வயதுக்கு உட்பட்ட ஒருவரைப் பார்ப்போம். அவருடைய ஆண்டுச் சம்பளம் 216,000 ராண்ட் என்று ஊகித்து, அதில் 18 விழுக்காடான 38,880 ராண்டிலிருந்து எல்லோருக்கும் உரிய 17,235 ராண்ட் கழிவைக் கழித்தால் ஆண்டு வரி 21,645 ராண்ட், மாதத்துக்கு 1,803.75 ராண்ட். ஆறு மாதத்தில் 10,822.50 ராண்ட் பிடித்திருப்பார்கள். அவர் உண்மையில் சம்பாதித்ததோ 108,000 ராண்ட்தான். அதற்குரிய வரி 19,440 ராண்டில் அதே கழிவு போக 2,205 ராண்ட். ஆக 8,617.50 ராண்ட் அவருக்குத் திரும்பி வர வேண்டும். இது சார்ஸ் மனமிரங்கித் தரும் பரிசன்று. அவருடைய சொந்தப் பணம்.

மருத்துவக் காப்பீட்டுக்கோ ஓய்வூதியத் திட்டத்துக்கோ சம்பளத்துக்கு வெளியே நீங்களே பணம் கட்டியிருந்தாலும் ரீஃபண்ட் வரும். முதலாளிக்கு அது தெரிந்திருக்காது. எவ்வளவு வரி பிடித்தார்கள் என்பதை, முதலாளி ஆண்டுதோறும் தரும் ஐ.ஆர்.பி.5 சான்றிதழில் 4102 என்ற குறியீட்டுக்கு எதிரே பாருங்கள். அந்த எண் சம்பளச் சீட்டுகளின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகாவிட்டால், சார்ஸிடம் போவதற்கு முன் உங்கள் சம்பளப் பிரிவிடம் போங்கள்.

ஆண்டு வருமானம் 500,000 ராண்டுக்குக் குறைவாக இருந்தால் கணக்கே கொடுக்க வேண்டாம் என்கிறார்களே?

ஒரே முதலாளி, வேறு வருமானம் இல்லை, கோர வேண்டிய கழிவு எதுவும் இல்லை என்றால் கொடுக்கத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் கொடுக்கத் தேவையில்லை என்பதும், கொடுத்தால் பயனில்லை என்பதும் வேறு வேறு. முந்தைய விடையில் சொன்ன ஆறு மாத ஊழியர் இந்த விலக்குக்குள்தான் வருகிறார். சார்ஸ் தானாக மதிப்பீடு செய்யாத நிலையில், அவர் பேசாமல் இருந்துவிட்டால் 8,617.50 ராண்டும் அங்கேயே கிடக்கும்.

சார்ஸே என் கணக்கை முடித்துவிட்டதாக எஸ்.எம்.எஸ். வந்தது. நான் எதுவும் செய்ய வேண்டாமா?

2020ஆம் ஆண்டிலிருந்து, முதலாளிகள், வங்கிகள், மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் ஆகியோர் அனுப்பும் விவரங்களை வைத்துச் சார்ஸ் தானாகவே மதிப்பீடு செய்கிறது. 2025இல் இந்த அறிவிப்புகள் ஜூலை 7 முதல் 20 வரை வந்தன. எல்லாம் சரியாக இருந்தால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். முதல் விடையில் சொன்ன 72 மணி நேரம் இவர்களுக்குத்தான் பெரும்பாலும் பொருந்துகிறது.

ஆனால் “சரி” என்று எண்ணுவதற்கு முன், சார்ஸின் இணையச் சேவையான ஈஃபைலிங்கில் உள்ளே போய் ஒருமுறை வாசித்துவிடுங்கள். காப்பீடு ஏற்காமல் கைக்காசாகக் கொடுத்த மருத்துவர் செலவு, சார்ஸுக்கு யாரும் தெரிவிக்காத வாடகை வருமானம் ஆகியவை அதில் இராது. விடுபட்டிருந்தால் தாக்கல் காலம் முடிவதற்குள் நீங்களே முழுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். 2025இல் அந்தக் காலம் ஜூலை 21 முதல் அக்டோபர் 20 வரை. கடைசி நாளும் தமிழர் தீபாவளியும் ஒரே நாளில் வந்ததால், முறுக்குச் சுட்டுக்கொண்டே கணக்குக் கொடுத்தவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

மதிப்பீட்டில் தொகைக்கு முன்னால் மைனஸ் போட்டிருக்கிறது. நான் கட்ட வேண்டுமா?

வேண்டாம். மதிப்பீட்டு அறிவிப்பில் மைனஸ் குறி இருந்தால் சார்ஸ் உங்களுக்குத் தர வேண்டும் என்று பொருள். குறி இல்லாத தொகை நீங்கள் கட்ட வேண்டியது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு அவசர அவசரமாகப் பணம் கட்டியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு 87 ராண்ட் வர வேண்டும் என்று போட்டிருக்கிறது. வரவே இல்லையே?

100 ராண்டுக்குக் குறைவான தொகையை வங்கிக்கு அனுப்ப மாட்டார்கள். அது உங்கள் பெயரில் அடுத்த மதிப்பீட்டுக்கு எடுத்துச் செல்லப்படும்.

என்னோடு வேலை செய்பவருக்கு மூன்றே நாளில் வந்துவிட்டது. எனக்கு மட்டும் சரிபார்ப்புக் கடிதம் ஏன்?

நீங்கள் சொன்னதும் மற்றவர்கள் உங்களைப் பற்றிச் சொன்னதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே சரிபார்ப்பு. குற்றம் சாட்டும் கடிதமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவச் செலவு, பயணப்படி, ஓய்வூதியத் திட்டத்தில் நீங்களாகக் கட்டிய பணம் ஆகியவற்றைக் கோரும்போது அது வருவது இயல்பு. உங்கள் நண்பர் ஒருவேளை எந்தக் கழிவும் கோராமல், தானாக வந்த மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டிருப்பார்.

2011ஆம் ஆண்டின் வரி நிர்வாகச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, சரிபார்ப்போ தணிக்கையோ முடியும் வரை ரீஃபண்டை நிறுத்தி வைக்கச் சார்ஸுக்கு அதிகாரம் தருகிறது. ஏற்கத்தக்க பிணை கொடுத்தால் முடிவதற்கு முன்பே பணத்தைப் பெறலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் சில ஆயிரம் ராண்டுக்காகப் பிணை தேடி அலைவதில் சம்பளக்காரருக்கு லாபமில்லை.

கடிதத்தில் 21 வேலை நாள் என்றிருக்கிறது. அது எனக்கா, அவர்களுக்கா?

இருவருக்கும் தனித்தனியாக ஒரு 21 உண்டு. குழப்பம் முழுவதும் இங்கேதான் பிறக்கிறது. கடிதத்தின் தேதியிலிருந்து 21 வேலை நாட்களுக்குள் நீங்கள் ஆவணங்களை அனுப்ப வேண்டும். கேட்ட ஆவணங்கள் அனைத்தும் கிடைத்த பிறகு சரிபார்ப்பை முடிக்கச் சார்ஸ் தனக்கென வைத்திருக்கும் கெடுவும் 21 வேலை நாட்கள். நீங்கள் முதல் நாளே அனுப்பினால் உங்களுடைய 21 மிச்சமாகிறது. கடைசி நாளில் அனுப்பினால் இரண்டும் சேர்ந்து இரண்டு மாதம் போய்விடுகிறது. “சார்ஸ் இரண்டு மாதம் இழுத்தடித்தது” என்று சொல்பவரிடம் கடிதம் எப்போது வந்தது, ஆவணம் எப்போது போனது என்று கேட்டுப் பார்த்தால், முதல் மாதம் பெரும்பாலும் அவருடைய சமையலறை இழுப்பறைக்குள் கழிந்திருக்கும்.

“அனைத்தும்” என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். ஐந்து ஆவணங்கள் கேட்டிருக்க நான்கை மட்டும் ஏற்றினால், அவர்களுடைய எண்ணிக்கை தொடங்குவதில்லை. மருந்துக்கடை ரசீதுகளில் எழுத்து மங்கிப்போயிருந்தால், வாங்கிய அன்றே படமெடுத்து வைக்காததற்கு வருந்த வேண்டியதுதான். மருந்துக்கடையில் ஆண்டுக்கான செலவுப் பட்டியலைக் கேட்டு வாங்குவது நல்ல வழி.

எண்ணும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2025 செப்டம்பர் 1, திங்கட்கிழமையன்று எல்லாவற்றையும் ஏற்றிவிட்டீர்கள். மறுநாள் முதல் எண்ண வேண்டும். சனி, ஞாயிறுகளையும், பொது விடுமுறையான செப்டம்பர் 24 மரபுரிமை நாளையும் விட்டுவிட்டால், 21ஆம் வேலை நாள் அக்டோபர் 1, புதன்கிழமை. தீபாவளி இந்த நாட்டில் பொது விடுமுறையில்லை என்பதால், நாம் விளக்கேற்றும் நாளும் வேலை நாளாகவே எண்ணப்படும்.

கேட்ட ஆவணத்தை அனுப்ப மறந்துவிட்டேன். இனி என்ன ஆகும்?

நீங்கள் கோரிய கழிவை நீக்கித் திருத்திய மதிப்பீடு வெளியிடப்படும். ரீஃபண்ட் குறையும், சில வேளைகளில் பாக்கியாகவே மாறும். அதன் பிறகு கணக்கைத் திருத்திக் கொடுக்க இயலாது; முறையான ஆட்சேபம் எழுப்ப வேண்டும். அதற்கு 80 வேலை நாட்கள் அவகாசம் உண்டு. 2023 மார்ச்சில் விதிகள் மாறுவதற்கு முன் இது 30 நாட்களாக இருந்தது. ஆட்சேபம், மேல்முறையீடு போன்றவற்றின் கெடுக்களுக்கு மட்டும் டிசம்பர் 16 முதல் ஜனவரி 15 வரையிலான நாட்கள் வேலை நாட்களாகக் கொள்ளப்படுவதில்லை.

என் வங்கிக் கணக்கு மூடப்பட்டுவிட்டது. மனைவியின் கணக்கில் போடச் சொல்லலாமா?

முடியாது. வரி செலுத்துபவரின் பெயரில் தென்னாப்பிரிக்க வங்கியொன்றில் உள்ள கணக்குக்கு மட்டுமே பணம் அனுப்பப்படும். கணவன், மனைவி, பிள்ளை என்று யாருடைய கணக்கும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. கடன் அட்டைக் கணக்கும் வெளிநாட்டுக் கணக்கும் கூடாது. புதிய விவரங்களை ஈஃபைலிங்கில் மாற்றலாம். சில வேளைகளில் அடையாள அட்டை, வங்கியின் முத்திரை உள்ள அண்மைக் காலக் கணக்கறிக்கை, முகவரிச் சான்று ஆகியவற்றோடு, முன்பதிவு செய்துகொண்டு கிளை அலுவலகத்துக்கு நேரில் வரச் சொல்வார்கள்.

கணக்கை மாற்றுவதற்கு உகந்த காலம் மார்ச் முதல் ஜூன் வரை. ரீஃபண்ட் நகரத் தொடங்கிய பிறகு மாற்றினால் சந்தேகம் எழுவது இயல்பே; திருடர்களும் அதே நேரத்தில்தான் மாற்றுகிறார்கள். ஓர் ஆண்டு நானே கணக்கு எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டிவிட்டுப் பணம் திரும்பிப் போய், மறுபடி வந்து சேரும் வரை வீட்டில் ஏச்சு வாங்கினேன்.

6,000 ராண்ட் வரும் என்று இருந்தது. 2,250 ராண்ட்தான் வந்தது. மீதி எங்கே?

பழைய பாக்கிக்கு ஈடாகக் கழித்துக்கொண்டிருப்பார்கள். மேலே சொன்ன சட்டத்தின் 191ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. சம்பளக்காரர்களிடம் நான் அதிகம் காண்பது, கணக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தும் கொடுக்காமல் விட்ட ஓர் ஆண்டுக்கான தண்டத்தொகை. அதற்கு முந்தைய ஆண்டின் வரிக்குரிய வருமானம் 250,000 ராண்டுக்கு உட்பட்டிருந்தால் மாதத்துக்கு 250 ராண்ட். 15 மாதம் ஓடியிருந்தால் 3,750 ராண்ட். உங்கள் மீதியும் அதுதானே? மதிப்பீட்டு அறிவிப்பை விட்டுவிட்டு, ஈஃபைலிங்கில் கணக்கறிக்கையைத் திறந்தால் எது எதற்குப் போனது என்று வரிவரியாகத் தெரியும்.

கொடுக்காத ஆண்டு இன்னும் திறந்தே கிடந்தால் முழு ரீஃபண்டும் நின்றுபோகலாம். முதலில் அதைக் கொடுத்துவிட்டு, தக்க காரணம் இருந்தால் தண்டத்தைத் தள்ளுபடி செய்யுமாறு விண்ணப்பியுங்கள்.

இரண்டு இடத்தில் வேலை பார்த்து இரண்டு இடத்திலும் வரி கட்டினேன். ரீஃபண்டுக்குப் பதிலாக 17,235 ராண்ட் கட்டச் சொல்கிறார்களே, இது நியாயமா?

கேட்பதற்கு அநியாயமாகத்தான் இருக்கும்; கணக்கு சரியே. ஒவ்வோர் இடத்திலும் மாதம் 9,000 ராண்ட் என்றால், ஒவ்வொரு முதலாளியும் நீங்கள் தன்னிடம் மட்டுமே வேலை செய்வதாக எண்ணி, 17,235 ராண்ட் கழிவை முழுமையாகக் கொடுத்து, ஆண்டுக்கு 2,205 ராண்ட் பிடித்திருப்பார். இரண்டும் சேர்ந்து 4,410 ராண்ட். உங்கள் மொத்தச் சம்பளமோ இரண்டாம் விடையில் வந்த அதே மாதம் 18,000 ராண்ட். முழு ஆண்டுக்கான வரி 21,645 ராண்ட். குறைவது சரியாக 17,235 ராண்ட். ஒருவருக்கு ஒருமுறை மட்டுமே உரிய கழிவு இருமுறை கிடைத்துவிட்டது என்பதே பொருள். அடுத்த ஆண்டு முதல், ஒரு முதலாளியிடம் மாதந்தோறும் கூடுதலாக வரி பிடிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

2024 செப்டம்பர் 1 முதல் ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பானையிலிருந்து (ஓய்வுக்கு முன்பே எடுக்க அனுமதிக்கப்பட்ட பகுதியிலிருந்து) பணம் எடுத்தவர்களுக்கும் இதே அதிர்ச்சி வருகிறது. எடுத்த தொகை சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குள்ளாகிறது. எடுக்கும்போது பிடித்த வரி போதாவிட்டால், எதிர்பார்த்த ரீஃபண்டை அது தின்றுவிடும்.

கோயிலுக்கு 5,000 ராண்ட் கொடுத்தேன், ரசீதும் இருக்கிறது. அது ரீஃபண்டில் வருமா?

இங்கே சொல்வது பலருக்கு வருத்தமாக இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு கல்வி, மருத்துவம், சமூக நலம் போன்ற பணிகளுக்குத் தரும் நன்கொடைக்கே சலுகை தருகிறது. சமய வழிபாடு அந்தப் பட்டியலில் இல்லை. காவடித் திருவிழாவுக்கோ கோபுரத் திருப்பணிக்கோ கொடுத்த பணத்துக்குக் கழிவு கிடையாது. கோயில் நடத்தும் முதியோர் இல்லமோ உணவளிக்கும் பணியோ தனியாக 18ஏ அனுமதி பெற்றிருந்து, ரசீதிலும் அப்படியே குறிப்பிட்டிருந்தால் கோரலாம். 2023 மார்ச் 1 முதல் அந்த ரசீதில் கொடுத்தவரின் அடையாள எண் போன்ற விவரங்களும் இருக்க வேண்டும்.

அப்போதும் 5,000 ராண்ட் திரும்பி வராது. முன்பு சொன்ன 17,235 ராண்டைப் போல இந்தக் கழிவு வரியிலிருந்து போவதில்லை; வருமானத்திலிருந்துதான் கழிக்கப்படுகிறது. 18 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு வரியில் குறைவது 900 ராண்ட்.

எனக்கு 30,000 ராண்ட் ரீஃபண்ட் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

உங்கள் ஐ.ஆர்.பி.5 சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்பே தொகையைச் சொல்பவரை நம்ப வேண்டாம். நீங்கள் கட்டிய வரிக்கு மேல் ஒரு சென்ட்டும் ரீஃபண்டாக வர முடியாது. 4102 குறியீட்டுக்கு எதிரே 12,000 ராண்ட் இருந்தால் 30,000 எங்கிருந்து வரும்? கூலி வாங்கிக்கொண்டு கணக்குக் கொடுப்பவர் சார்ஸிலும் அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறை அமைப்பொன்றிலும் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் ஈஃபைலிங் கடவுச்சொல்லை அவரிடம் கொடுத்துவிட்டால், வங்கி விவரத்தை மாற்றுவதற்கு அவருக்கு இரண்டு நிமிடம் போதும். இல்லாத செலவைக் கோரிப் பணம் வாங்கினால், பின்னாளில் அதற்குப் பொறுப்பும் தண்டமும் உங்கள் தலையில்தான் விழும்.

“உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த இணைப்பை அழுத்துங்கள்” என்று வரும் எஸ்.எம்.எஸ். செய்திகளும் இதே வகையைச் சேர்ந்தவை. இணைப்பைத் தொடாமல், ஈஃபைலிங்குக்கு நீங்களாகப் போய்ப் பாருங்கள்.

அப்பா ஜூனில் காலமாகிவிட்டார். அவருக்கு வர வேண்டிய பணம் என்ன ஆகும்?

பணம் போகாது, நேரம் பிடிக்கும். இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும், உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் ஒருவரை நிர்வாகியாக நியமித்துக் கடிதம் தர வேண்டும். சொத்து 250,000 ராண்டுக்குக் குறைவானால் சுருக்கமான அதிகாரக் கடிதம் போதும். அப்படி நியமிக்கப்பட்டவர் சார்ஸில் இறப்பைப் பதிவு செய்து, இறந்த நாள் வரைக்குமான கணக்கைக் கொடுத்தபின், இறந்தவரின் சொத்துக்காகத் திறந்த வங்கிக் கணக்குக்கே ரீஃபண்ட் போகும். அப்பாவின் பழைய கடவுச்சொல் தெரியும் என்பதற்காக நீங்களே உள்ளே போய்க் கணக்குக் கொடுப்பது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், பின்னால் சிக்கலையே தரும்.

நீங்கள் சொன்ன நாட்கள் எல்லாம் கடந்துவிட்டன. யாரிடம் போவது?

முதலில் 0800 00 7277 என்ற எண்ணில் அழைத்து வழக்கு எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். பேசிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் அசைவில்லையென்றால், ஈஃபைலிங் வழியாகச் சார்ஸின் புகார்ப் பிரிவில் முறையாகப் பதிவு செய்ய வேண்டும். அங்கும் தீராவிட்டால்தான், சார்ஸ் மீதான புகார்களை விசாரிக்கும் வரி ஆம்புட்ஸ்மன் அலுவலகம் பொதுவாக மனுவை ஏற்கும். நேராக அங்கே போய், புகார்ப் பிரிவுக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர்.

2013இல் தொடங்கப்பட்ட இந்த அலுவலகத்தின் முதல் ஆம்புட்ஸ்மன் நீதிபதி பெர்னார்ட் ங்கோய்ப்பே. கட்டணம் எதுவும் கிடையாது. ரீஃபண்ட் தாமதம் பற்றி மட்டுமே விசாரித்து 2017இல் அவருடைய அலுவலகம் தனி அறிக்கை வெளியிட்டது. ஆகவே உங்கள் புகாரை அற்பமானதென்று அங்கே யாரும் எண்ண மாட்டார்கள். மனுவோடு மூன்று தேதிகளைத் தவறாமல் எழுதுங்கள்: மதிப்பீடு வந்த நாள், சரிபார்ப்புக் கடிதம் வந்த நாள், கடைசி ஆவணத்தை ஏற்றிய நாள்.